மணி விழுங்கிய வயிறு

பூனைக்கு மணி கட்டியது நான்தான்.
மைனாக்கள் தப்பட்டும் என்று
தேக்காவில் இரண்டு வெள்ளிக்கு வாங்கிய
பித்தளை மணி.
அந்தக் கிணுகிணுப்பைத்தான்
நான்கு மீட்டர் நீள மலைப்பாம்பு ஒன்று
விழுங்கிவிட்டுப் படுத்திருந்தது.

ஈசூன். விடியற்காலை ஐந்தேகால்.
மழை விட்ட லோங்காங்கின் ஓரம்
கூட்டிப் பெருக்க வந்த ரஃபீக்குலின் கைவிளக்கு
முதலில் கண்டது வாலை,
பிறகு தலையை,
இரண்டுக்கும் நடுவே
மிளகை.
மிளகு என்பது பெயர்.
எடை நாலரை கிலோ.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
எங்கள் புளோக்கின் படை நடுங்கவில்லை.
இது படமெடுக்கும் இனமில்லை என்பதால்
படையே கைப்பேசியை நீட்டிப்
படமெடுத்துக்கொண்டது.
ஏழாம் மாடி டெக் ஹுவாட்
துணி காயப்போடும் மூங்கிலோடு இறங்கிவந்தார்,
அதன் நுனியில்
ஈரச் சட்டை ஒன்று இன்னும் தொங்க.
யாரோ வாளியைத் தட்டினார்கள்.
யாரோ, நான் சொல்லியிராத என் பூனையின் பெயரை
என்னிடமே சொல்லி அழுதார்கள்.

சாக்கும் ஒரு சின்னக் கருவியுமாக
சுஹைலா வந்தாள்.
"தட்டாதீர்கள்.
பயந்தால் கக்கிவிடும்.
கக்கிவிட்டு ஓடும்.
வயிறு காலியானால்
இன்னொன்றைத் தேடும்."

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது.
கக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.
கக்கினால் மிளகு கிடைப்பாள்,
புதைக்க ஓர் உடம்பாவது.
எங்கே புதைப்பது?
என் வீவக வீட்டில் மண் என்பது
கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு சாண்.
தவிர, அவளை அப்படி,
அந்த ஈரத்தோடு...

"சத்தம் போடாதீங்க!" என்று கத்தினேன்.
அன்றைய பெரிய சத்தம் அதுதான்.

வாளி நின்றது.
டெக் ஹுவாட் மூங்கிலை இறக்கி,
சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

சுஹைலா கருவியைத் தோலருகே பிடித்தாள்.
பீப்.
எண் ஒன்று வந்தது.
ஏற்கெனவே பதிவான பாம்பு.
மூன்று முறை பிடித்து மூன்று முறை விட்டிருக்கிறார்கள்.
முதல் முறை ஒன்பது வருடம் முன்பு,
இதே லோங்காங்கில்.

எங்களுக்குச் சாவி கொடுத்து
ஆறு வருடம்தான் ஆகிறது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒருவர் மின்தூக்கிப் பக்கம் பார்த்தார்.

"எலியைத்தான் அதிகம் தின்னும்," என்றாள்
சாக்கின் வாயைக் கட்டியபடி.
"அவள் எலி இல்லை."
"இல்லை," என்றாள்.
அதற்கு மேல் எதுவும் சொல்லாததால்
அவளை எனக்குப் பிடித்துப்போனது.

சாக்கைத் தூக்க ஓர் ஆள் போதவில்லை.
ஒரு முனை ரஃபீக்குல்,
மறுமுனை நான்.
கனம் என் பக்கமே சரிந்து வந்தது.
வண்டி வரை ஐம்பது தப்படி.
ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்தேன்,
மணி கேட்குமோ என்று.
கேட்கவில்லை.

மன்னிக்கவில்லை.
என் மன்னிப்பு அதற்கு
எந்த வகையில் செரிக்கும்?
சன்னலுக்கு வலை அடித்தேன், நூற்றெண்பது வெள்ளி.
மிச்சமிருக்கும் சுக்கு
வலைக்குப் பின்னாலிருந்து
மைனாக்களைத் திட்டுகிறான்.

எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன்.
"காட்டில்," என்றாள் சுஹைலா.
இந்தத் தீவில் காடு எத்தனை தூரம்,
எந்த லோங்காங் எதில் போய்ச் சேரும் என்பது
எனக்குத் தெரியும்.
அதற்கு என்னைவிடத் தெரியும்.

போன வாரம் கீழ்த்தளத்தில்
பட்டப்பகலில் ஓர் எலி
என் செருப்பைத் தாண்டி ஓடியது.
நான் திரும்பிப் பார்த்தது
எலியை அல்ல,
லோங்காங்கை.

எலும்பு கரையும்.
பித்தளை கரையாது.
ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு புல்லில்
அது வெளியே விழும்.
மைனா ஒன்று வந்து
தலையைச் சாய்த்து
அதைக் கொத்திப் பார்க்கும்.